அத்தையின் நெற்றி பட்ட இடம்

எண்ணூரில் எங்கள் குப்பத்து மாதா கோயில் வாசலில், இறால் விற்று வரும் அத்தை எறாக்கூடையை இறக்கி வைப்பது இன்னும் கண்ணில் நிற்கிறது. என் அப்பாவின் தங்கை. குழாயடியில் முழங்கை வரை கழுவுவாள், முகர்ந்து பார்ப்பாள், மறுபடியும் கழுவுவாள். பிறகு முந்தானையால் தலையை மூடிக்கொண்டு, முழங்காலாலேயே நகர்ந்து போய், பலிபீடத்தின் கீழ்ப்படியில் நெற்றியை வைப்பாள். பழைய சிமெண்ட் படி. எங்கள் பெண்களின் நெற்றி பட்டுப் பட்டு அந்த இடம் மட்டும் வழவழத்துக் கிடந்தது. வாயைத் திறந்தால் மீன் சந்தையே ஒதுங்கி வழிவிடும் அத்தை, அங்கே மூச்சு விடுவதற்கே அனுமதி கேட்பவள் போல இருப்பாள். நானோ படித்தவன். இறையச்சத்தைப் பற்றி மூன்று கட்டுரைகள் எழுதியிருக்கிறேன், நாற்காலியில் உட்கார்ந்தபடி.

அந்தப் படி விரிசல் விட்டபோது, ஆற்றில் சாம்பல் கலக்கும் அனல்மின் கம்பெனி ஒன்று கருங்கல் போட்டுத்தர முன்வந்தது. எறா செத்து மிதந்ததற்காக எங்கள் பெண்கள் அதன் வாசலில் உட்கார்ந்து கத்திவிட்டு வந்திருந்த சமயம். ஆற்றைத் திருப்பித் தரமாட்டார்கள், படி தருவார்கள். பங்குப் பேரவைச் செயலாளனான நான் புல்லரித்துப்போய், கல்லில் பொறிக்க வேண்டிய நன்றியை நானே எழுதினேன். சுவரில் பதித்தால் யார் பார்ப்பார்கள், படியின் நடுவிலேயே பொறிக்கலாம் என்ற யோசனையும் என்னுடையதுதான். அந்தப் படி எதற்காக இருக்கிறது என்பதை மறக்க நிறையப் படித்திருக்க வேண்டும்.

திறப்பு நாளில் கம்பெனி அதிகாரிகள் முன்வரிசையில் இருந்தார்கள். அத்தை வழக்கம்போல் முழங்காலில் வந்தவள், படியருகே நின்றுவிட்டாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. விரலால் தடவிப் பார்த்து என்னைக் கூப்பிட்டாள்.

“இன்னா எழ்திகீது நைனா?”

பெருமையாகவே படித்துக் காட்டினேன். மேல்வரியில் இறைவனுக்கு மகிமை, கீழ்வரியில் கம்பெனிக்கு நன்றி.

“நெத்தி எந்த வரில படும்?”

“கீழ்வரில அத்தை.”

“நம்ம ஆத்த சாவடிச்சவன் பேர்ல நெத்தி வெக்க சொல்றியா? சாமிக்குத்தான்டா நான் பயப்புடுவேன். இவனுக்கு இன்னாத்துக்கு?”

“மெதுவா பேசு அத்தை, ஆபீசருங்க கீறாங்க.”

“சாமியும் கீறாரே, அவருக்கு பயந்தியா நீ?”

எழுந்து வெளியே போனாள். வாசலுக்கு நேராக மணலில் மண்டியிட்டு நெற்றியை வைத்தாள். அடுத்த ஞாயிறு ஏழெட்டுப் பெண்கள் அவளோடு இருந்தார்கள். மழையிலும் அங்கேதான். சாமியார் நற்கருணையை வெளியே கொண்டுவந்து கொடுத்தார். ஆனால் கல்லை எடுக்கச் சொல்ல அவருக்கும் வாய் வரவில்லை. கொடுத்தவர்கள் மனம் நோகுமாம். பேரவை அதன்மேல் சிவப்பு விரிப்பைப் போட்டு மூடியது. தவக்காலம் வந்தால் போதும், ஜனங்களுக்குத் தெய்வ பயம் விட்டுப்போச்சு என்று மைக்கில் புலம்புகிறோம். எங்களுக்குப் பயத்தில் என்ன குறைச்சல்? வேண்டிய அளவு இருந்தது, கம்பெனியிடம்.

அத்தை இறந்தாள். சவப்பெட்டியைப் பீடத்தின் முன் வைப்பதுதான் முறை. அவள் பிள்ளைகள் வாசற்படியைத் தாண்டவில்லை. மணலிலேயே இறக்கினார்கள். சிலுவையும் தூபமும் பாட்டும் அவளைத் தேடி வெளியே போயின. நான் உள்ளே நின்றேன். செயலாளன் அல்லவா, மைக்கைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டாமா?

சென்ற மாதம், எழுத்து அடியில் போகும்படி கல்லைத் திருப்பிப் போடச் சொல்லிப் பேரவைக்குக் கடிதம் கொடுத்தேன். நல்ல தமிழ்க் கடிதம். பரிசீலனையில் இருக்கிறது. போன ஞாயிறு பொறுக்கமுடியாமல் வெளியே போய், பெண்களுக்குப் பின்னால் மண்டியிட்டேன். ஐம்பத்து மூன்று வயது முழங்கால் ஊருக்கே கேட்கும்படி சொடக்கு விட்டது. முன்னாலிருந்தவள் திரும்பினாள்.

“இன்னா சார், உள்ள நீ எழ்தனது நல்லாத்தான கீது?”

பக்கத்திலிருந்தவள் முந்தானைக்குள் சிரித்தாள். அதற்குள் உள்ளே அப்பத்தை உயர்த்தும் எழுந்தேற்ற மணி அடித்தது. எல்லோரும் மணலில் நெற்றியை வைத்தார்கள், நானும் வைத்தேன். நிமிர்ந்து தொட்டுப் பார்த்தால் விரலில் மணல் கொஞ்சம், கம்பெனிச் சாம்பல் நிறைய. பக்கவாட்டில் எட்டிப் பார்த்தால் அந்தப் பெண்களின் நெற்றியிலும் அதே சாம்பல்தான். ஒருத்தியும் துடைக்கவில்லை. கண்கள் எல்லாம் உள்ளே, உயர்த்திப் பிடித்த அப்பத்தின் மேல் இருந்தன. என் கை மட்டும்தான் நெற்றிக்குப் போயிருந்தது.