கப்டனும் பூச்சி மருந்தும்

ஆண்டவருடைய பிள்ளைகள் எல்லாருக்கும் தோத்திரம் சொல்லி இதை எழுதுறன். நான் படிச்சது இரண்டாம் வகுப்பு மட்டும். மகள், "நீங்கள் சொல்லுங்கோ அம்மா, நான் எழுதித் தாறன்" எண்டவ. நான் விடேல்லை. எனக்கு நடந்ததை என்ர கையாலதான் எழுதவேணும். நாலு நாளா எழுதுறன். நீங்களும் ஆறுதலா வாசியுங்கோ.

இந்த வருசம் தை மாசம், பொங்கல் கழிஞ்ச செவ்வாய்க்கிழமை, காலமை பத்து மணி இருக்கும். என்ர நாய் கப்டன் கிணத்தடியில விழுந்து கிடந்தான். வாயால வீணி நூல் நூலா வடியுது. நாலு காலும் உதறுது. கூப்பிட்டால் கண்ணைத் திறக்கிறான், ஆனால் என்னைப் பாக்கேல்லை. பக்கத்தில குந்தி அவன்ர தலையைத் தூக்கி மடியில வச்சன்.

கப்டன் ஆரெண்டு சொல்லவேணும். என்ர மனிசன் துறைமுகத்தில சாமான் தூக்குற விஞ்சு ஓட்டினவர். அவர் செத்த வருசம், மீன் சந்தைக்குப் பக்கத்தில மழையில நனைஞ்சு நிண்ட குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தனான். ஏழு வருசமாச்சு. மகளும் மருமகனும் அதே வளவில வேற வீடு. என்ர வீட்டில என்னோட மூச்சு விடுற சீவன் அவன் ஒருத்தன்தான்.

சோத்தைவிட அவனுக்குப் பூச்சிதான் பிரியம். கரப்பொத்தான், வண்டு, ஈசல், ஒண்டும் விடமாட்டான். ஒருக்கா என்ர பாயடியில கிடந்த மட்டத்தேளைக் கடிச்சுத் துண்டாக்கிப்போட்டு, மூக்கு வீங்கி ரெண்டு நாள் திரிஞ்சவன். நான் அதை ஊரெல்லாம் பெருமையாச் சொன்னனான். தடுக்காமல் விட்டது என்ர பிழை. ஒத்துக்கொள்ளுறன்.

மகள் வேலைக்குப் போட்டா. என்ர போனில மிருக வைத்தியரின்ர இலக்கத்துக்கு நாய்ப்படம் போட்டு வச்சிருக்கிறா. படத்தை அமத்தினன். அவர் எடுத்தார். விசயத்தைச் சொன்னன்.

"நாய்க்குப் பூச்சி மருந்து ஏதும் உள்ளுக்குப் போனதோ அம்மா?"

"ஓம் டொக்டர். நானேதான் சோத்துக்குள்ள பிசைஞ்சு குடுத்தனான்."



"சோத்துக்குள்ளயோ? எப்ப?"

"மார்கழியில. நீங்கள்தானே குடுக்கச் சொன்னது."

"நான் சொன்னனோ? அம்மா, வீட்டில வேற ஆரும் இருக்கினமோ? அவையிட்டப் போனைக் குடுங்கோ."

எனக்குச் சுள்ளெண்டு ஏறிச்சுது. "எனக்கு இன்னும் புத்தி தடுமாறி அறளை பேரேல்லை டொக்டர்" எண்டு சொல்லிப்போட்டுப் போனை வச்சிட்டன்.

வச்சாப் பிறகுதான் பயம் வந்தது. கப்டனுக்கு இழுப்பு கூடிக்கொண்டு போகுது. நஞ்சுக்குத் தேங்காய்ப்பால் நல்லது எண்டு சின்ன வயசில கேட்டது ஞாபகம். ஓடிப்போய்த் திருவிப் பிழிஞ்சு கோப்பையில கொண்டு வந்தன். ஊத்துறதுக்கு முதல் முழங்காலில நிண்டன். அது நல்ல ஜெபம் எண்டு சொல்லமாட்டன். கோள் சொன்ன மாதிரித்தான்.

"ஆண்டவரே, அந்த டொக்டரை நீர்தான் கேக்கவேணும். என்னை என்னெண்டு நினைச்சவர்? பூச்சி மருந்தைக் குடுத்துக் கொல்லுற மனிசி எண்டோ?"

அந்த இடத்தில என்ர வாய் நிண்டிட்டுது. மிச்சம் வரேல்லை. நான் சொன்ன சொல்லு எனக்கே திரும்பக் கேட்டது, வேற ஆரோ சொன்ன மாதிரி.

வயித்தில இருக்கிற புழுவுக்குக் குடுக்கிற குளிசையும் எங்களுக்குப் பூச்சி மருந்துதான். வயலுக்கு அடிக்கிற நஞ்சும் பூச்சி மருந்துதான். நான் சொன்னது குளிசை. அவர் கேட்டது நஞ்சு.

எழும்பி வளவைச் சுத்திப் பாத்தன். குசினிக்குப் பின்னால கழிவுத்தண்ணி ஓடுற கான் ஓரத்தில கரப்பொத்தான் கும்பலாப் புரண்டு கிடந்தது, சிலது இன்னும் காலை ஆட்டிக்கொண்டு. மூக்கை அரிக்கிற மணம். மதிலோரம் ஒரு போத்தல். மருமகன் கிளிவெட்டி வயலில நெல்லுக்கு வாற அறக்கொட்டியான் பூச்சிக்கு அடிச்சு மிஞ்சின மருந்து. மழைக்குப் பிறகு கானால ஏறி வாற கரப்பொத்தானைக் கொல்ல, மகள் வேலைக்குப் போக முதல் ஊத்தியிருக்கிறா. எனக்குச் சொல்ல மறந்து போனா. கப்டன் வழக்கம்போலப் பொறுக்கித் திண்டிருக்கிறான்.

திரும்ப நாய்ப்படத்தை அமத்தினன். வாழ்க்கையில நான் வச்ச போனை நானே திருப்பி எடுத்தது அண்டைக்குத்தான்.

"டொக்டர், முதல் கதைச்ச கிழவிதான். நான் சொன்னது புழுக் குளிசை. இப்ப உள்ளுக்குப் போயிருக்கிறது வயல் மருந்து. போத்தல் கையில இருக்கு."

"வாய்க்குள்ள ஒண்டும் ஊத்தாதேங்கோ. காலையும் மூஞ்சையையும் கழுவிப்போட்டு, போத்தலோட உடன வாங்கோ."

தேங்காய்ப்பாலை அப்பிடியே மண்ணில ஊத்தினன்.

சந்தியில ஓட்டோ வச்சிருக்கிற நவ்பர் தம்பி, கிண்ணியாப் பிள்ளை, கூப்பிட்ட உடன வந்தார். சாக்கில கிடந்த கப்டனைப் பாத்திட்டு நிண்டார்.

"ஆச்சி, ஆஸ்பத்திரிக்கு எண்டுதானே சொன்னீங்க?"

"நாய்க்கும் ஆஸ்பத்திரி இருக்கு தம்பி."

"நான் உங்களுக்குத்தான் ஏதோ எண்டு பயந்து வாறன். சரி, ஏத்துங்க. வண்டியக் கழுவினாப் போச்சு. நீங்க உங்கட ஜெபத்தச் செய்யுங்க, நான் துஆக் கேக்கன்."

போத்தலில இருந்த பேரைப் பாத்த உடன எந்த ஊசி எண்டு வைத்தியருக்குத் தெரிஞ்சிட்டுது. கொஞ்சம் கொஞ்சமா மூண்டு தரம் ஏத்தினார். நான் பக்கத்தில கதிரை போட்டிருந்து அவன்ர காதைப் பிடிச்சபடி ஜெபிச்சனான். இந்தமுறை ஆரைப் பற்றியும் முறைப்பாடு சொல்லேல்லை. பின்னேரம் நாலு மணிக்கு உதறல் நிண்டது. தலையை உயர்த்தி என்னைப் பாத்தான். என்னைத்தான் பாத்தான்.

"டொக்டர், உங்களோட கோவிச்சது பிழை" எண்டன்.

"அறளை பேர்ந்தது எனக்குத்தான் அம்மா. எந்தப் பூச்சி மருந்து எண்டு நானும் கேக்கேல்லைத்தானே" எண்டு சிரிச்சவர். பாலை ஊத்தியிருந்தால் மூச்சுக்குழலுக்குள்ள போய் அங்கேயே முடிஞ்சிருக்கும் எண்டும் சொன்னவர்.

இப்ப எங்கட வளவுக்குள்ள அந்த நஞ்சு வாறதில்லை. கானுக்குக் கொதிதண்ணிதான். மகள் அழுதா. நான் அவவை ஏசேல்லை. அது எனக்கே புதினம். கப்டன் கரப்பொத்தானைக் கண்டு பாய்ஞ்சால் "விடு" எண்டுவன், விட்டிடுவான். ஈசலுக்கு மட்டும் இன்னும் சொல்லுக் கேக்கிறானில்லை.

சபையில நான் இதைச் சொன்னபோது, "நாய்க்கும் ஜெபமோ அக்கா?" எண்டு ரெண்டு பேர் சிரிச்சவை. சிரிக்கட்டும். அந்த நாயைப் படைச்சவருக்கு அதில வெக்கமில்லை, எனக்கும் இல்லை. வானத்திலயிருந்து சத்தம் ஒண்டும் வரேல்லை. என்ர வாய்ச் சொல்லையே எனக்குக் கேக்கப் பண்ணினார். ஒரு சீவனைத் திருப்பித் தந்தார். அவருக்கு நன்றி சொல்லி எனக்கு முடியாது.

உங்களுக்கும் ஒரு கஷ்டம் வரேக்க, நல்ல வசனம் வரும்வரைக்கும் காத்திருக்காதேங்கோ. கோவம் எண்டால் கோவத்தோட போங்கோ. வாய்விட்டுச் சொல்லுங்கோ. அவர் நடுவில மறிப்பார். மறிச்சால், நில்லுங்கோ.