முனியாண்டி இடுப்புல தொங்குன ரிப்பன்

என் மொளகாச் செடி காயட்டும்னு வாய்க்கால அடைச்சவன் முனியாண்டி, என் சித்தப்பா மகன். அன்னையிலருந்து ரெண்டு வீட்டுக்கும் பேச்சில்ல. எங்க சிக்கல் ஊருப் பக்கம் பகைன்னா தீக்குச்சி கூடக் கைமாறாது.

ஒரு பொங்கலுக்குப் பள்ளிக்கூடத்து வாத்தியாரு டேக் ரக்பின்னு புதுப் பந்தாட்டம் கொண்டாந்தாரு. கபடியில நான் ஒருத்தன் கால ஒடிச்சவன், அது வேற கதை. எதிர் டீமுல முனியாண்டி நின்னான். இன்னைக்கு இவன் விலா எலும்பு என்னுதுன்னு வேட்டிய மடிச்சுக் கட்டுனேன்.

"பெரியவரே, ஆளத் தள்ளக் கூடாது. பந்து வச்சிருக்கவரு இடுப்புல தொங்குற ரிப்பனப் பிடுங்கணும், அம்புட்டுத்தான். பந்த முன்னால எறியாதீக, பின்னால நிக்கிறவருக்குத்தான் போடணும்"னாரு வாத்தியாரு.

முனியாண்டி பந்தோட வந்தான். பிடுங்கிட்டேன்! "வாய்க்கால அடைச்சேல்ல, இப்ப ஓடுலே!"

"பிடுங்குனத அவரு கையில குடுத்துட்டுத்தான் நீங்க ஆடணும்"னாரு வாத்தியாரு.

எனக்குக் கை வரல. அவனும் கைய நீட்டல. ஊரே பாக்குது. அதுக்குள்ள அவன் பின்னால போட்ட பந்தோட அவன் ஆளுக எங்க கோட்டத் தாண்டப் போறாக. "இந்தா, தொலை"ன்னு அவன் உள்ளங்கையில வச்சு அழுத்துனேன். அவன் விரலு மெதுவா மூடுச்சு.

அப்பந்தான் வெளங்குச்சு, திருப்பிக் குடுத்தாத்தான் மறுபடி பிடுங்க முடியும். பொழுது சாயிற வரைக்கும் பிடுங்கிப் பிடுங்கிக் குடுத்தேன்.

போகயில, "நாளைக்கும் வாரியாலே?"ன்னான்.

"உனக்கு இடுப்பு இருக்க வரைக்கும் வாரேன்"னேன்.

கோவம் இன்னும் தீரல. ஆனா தீராததுக்குள்ளயும் குடுக்க வாங்க ஒரு வழி இருக்குன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.