சுரங்கப்பாதையில் இறங்காத கண்ணாடி

கார்க் கண்ணாடி ஏற மாட்டேன், இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்தால் அந்த ஊரில் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்துகிற இடம் ஒன்றுதான்: மரக்கடைகளை அடுத்திருந்த தகரக் கொட்டகை. அங்கே வேலை செய்தவரைக் கதவண்ணன் என்பார்கள். நாள் முழுக்க ஏதாவது ஒரு காரின் கதவைப் பிரித்துப் போட்டு, அதன் வயிற்றுக்குள் முழங்கை வரை கையை விட்டபடி உட்கார்ந்திருப்பதால் வந்த பெயர். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். தொலைபேசியில் யாராவது தேடினால் அவர் மனைவியும், "கதவு குளிக்குது, அப்புறம் கூப்பிடுங்க" என்றுதான் சொல்வாள்.

எடுத்தவுடன் ஸ்குரூடிரைவரைத் தூக்குகிறவர் இல்லை அவர். வண்டிக்காரரைப் பொத்தானை அழுத்தச் சொல்லிவிட்டுக் கதவில் காதை வைத்துக் கேட்பார். உள்ளே ‘டக்’ என்று ஒரு சத்தம் வந்தால் மின்சாரம் மோட்டார் வரை போகிறது. கோளாறு மோட்டாரிலோ, கண்ணாடியைத் தூக்குகிற கம்பியிலோ இருக்கும். சத்தமே இல்லையென்றால் ஃபியூஸ், பொத்தான், ஒயர் என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டு போக வேண்டும். சில சமயம் கதவின் நடுவில் முஷ்டியால் இரண்டு தட்டு தட்டுவார். தேய்ந்துபோன மோட்டார் அந்த அதிர்ச்சியில் விழித்துக்கொண்டு ஒரு தடவை சுற்றிவிடும். அதைப் பார்க்கும்போதெல்லாம் அவருடைய சகலை வண்டிக்காரரிடம் சொல்வார்: "மரியாதை தெரிஞ்ச மனுஷன் சார். கதவைத் தட்டாம உள்ள போக மாட்டார்."

சகலை, அவர் மனைவியின் அக்காவைக் கட்டியவர். கொட்டகை இருவருக்கும் பொது. வீடும் ஒன்றுதான், கீழே சகலை குடும்பம், மாடியில் கதவண்ணன் குடும்பம். விளக்கு, ஹாரன், பேட்டரியெல்லாம் சகலையின் பொறுப்பு. இடது கைக்காரர். வேலையில் வேகம், பேச்சில் அதைவிட வேகம். கோபமாக வருகிற வண்டிக்காரரும் அவரிடம் இரண்டு வார்த்தை பேசினால் சிரித்துக்கொண்டு போவார். கதவண்ணனுக்கு அந்த வாய் சாமர்த்தியம் கிடையாது. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வார், அதுவும் யோசித்துச் சொல்வார்.

இருவருக்கும் சண்டை வருவது ஒரே ஒரு விஷயத்தில்தான். டிரைவர் கதவுக்கும் வண்டியின் உடம்புக்கும் நடுவே மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் குழாய் இருக்கும். கதவுக்குப் போகிற ஒயர்கள் எல்லாம் அதற்குள்தான் போகின்றன. கதவைத் திறந்து மூடும்போதெல்லாம் அவையும் மடங்கி நிமிர்கின்றன. வருஷக்கணக்கில் மடங்கினால் ஏதாவது ஒன்று அறுந்துவிடும். பல வண்டிகளில் நாலு கண்ணாடிக்கும் மின்சாரம் போகிற தடித்த ஒயரும் அதற்குள்தான் இருக்கிறது. அது அறுந்தால் ஒரு கண்ணாடியும் அசையாது. கதவண்ணன் பழைய ஒயரை இரண்டு பக்கமும் தள்ளி வெட்டிவிட்டு, நடுவில் முழுசாகப் புது ஒயர் கொடுத்து, மடிப்புக்கு வெளியே பற்றவைப்பார். அரை நாள் வேலை. சகலை ரப்பரைக் கொஞ்சம் விலக்கி, அறுந்த இரண்டு முனையையும் அங்கேயே முறுக்கி, மேலே டேப்பைச் சுற்றிவிடுவார். டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

மடங்குகிற இடத்தில் முடிச்சுப் போடாதீங்க என்று கதவண்ணன் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். "ஓடுற வரைக்கும் ஓடட்டும் சகலை. நின்னா நம்மகிட்டதானே திரும்பி வரணும்?" என்று அவர் சிரிப்பார். கதவண்ணனும் விட்டுவிடுவார். கட்டினவளின் அக்கா புருஷனிடம் எவ்வளவுதான் பேச முடியும்?

அந்த மழைக்காலத்தில் ரயில் பாதைக்கு அடியில் போகிற சுரங்கப்பாதையில் தண்ணீர் நிரம்பி, ஒரு கார் மூழ்கியது. உள்ளே இருந்தவர் மருந்துக்கடைக்காரர், தனியாக வந்தவர் வண்டிக்குள்ளேயே இறந்துபோனார். தண்ணீரின் அழுத்தத்தில் கதவைத் திறக்க முடியாது, கண்ணாடியை இறக்கித்தான் வெளியே வர வேண்டும். நாலு கண்ணாடியும் ஏற்றியபடியே இருந்தன. ஊர் வாயை மூட முடியுமா? அவர் முந்தின வருஷம் மனம் சரியில்லாமல் மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் என்பது எல்லோருக்கும் தெரியும். கண்ணாடியை இறக்கக்கூட முயற்சி பண்ணவில்லை, வேண்டுமென்றேதான் தண்ணீருக்குள் விட்டிருக்கிறார் என்று பேச ஆரம்பித்தார்கள். துக்கம் விசாரிக்க வந்தவர்களே அவர் மனைவியிடம் ஜாடையாகக் கேட்டார்கள்.

காரைக் காவல் நிலையத்தின் பின்கட்டில் நிறுத்தியிருந்தார்கள். வாகன ஆய்வாளர் கவனமான ஆள். பொத்தானெல்லாம் தண்ணீரில் ஊறிப் போயிருந்ததால், கண்ணாடி முன்பே கெட்டிருந்ததா, தண்ணீரில் கெட்டதா என்று பார்த்துச் சொல்லக் கதவண்ணனை வரச் சொன்னார். அந்த வண்டி தங்கள் கொட்டகைக்கு வந்திருந்தது கதவண்ணனுக்குத் தெரியாது. அது வந்த வாரம் அவர் காய்ச்சலில் படுத்திருந்தார்.

பின்கட்டில் மருந்துக்கடைக்காரரின் மனைவியும் நின்றுகொண்டிருந்தாள். வண்டிக்குக் கிட்டே போக ஆய்வாளர் அனுமதிக்கவில்லை. அவள் மதிலோரம் நின்றே பார்த்தாள்.

கதவண்ணன் முதலில் பொத்தான் பலகையைக் கழற்றினார். டிரைவர் பக்கத்துப் பொத்தான் குழிக்குள் சரிந்து கிடந்தது. அடியில் இருந்த பிளாஸ்டிக் முள் முறிந்திருந்தது. சாதாரணமாக அழுத்தினால் அது முறியாது. உயிரைக் கொடுத்து அழுத்தியிருக்க வேண்டும். அடுத்து ரப்பர் குழாயை விலக்கினார். தடித்த ஒயரில் ஒரு முடிச்சு இருந்தது. ஒரு பக்கம் முழுக்க விட்டுப் போயிருந்தது. செம்பு பச்சை பூத்திருந்தது. இது ஒரு நாள் தண்ணீரில் பூக்கிற பச்சை இல்லை. முறுக்கு இடப்பக்கமாகப் போயிருந்தது. டேப்பின் நுனி, பிரிக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று சின்னதாக மடித்து விடப்பட்டிருந்தது. அப்படி மடித்து விடுகிற ஆள் அவருக்குத் தெரிந்து உலகத்தில் ஒருவர்தான்.

அவர் ரப்பரை இழுத்து மூடினார். உள்ளே சேறு அடைத்திருக்கிறது, வேறு சாமான் வேண்டும், காலையில் வந்து பார்க்கிறேன் என்று ஆய்வாளரிடம் சொன்னார். மதிலோரம் வந்தபோது அந்த அம்மாள் கேட்டாள்: "அண்ணே, அவர் கண்ணாடியைத் திறக்கப் பார்த்தாரா? அது மட்டும் தெரிஞ்சா போதும்." நாளைக்குச் சொல்கிறேன் என்று முணுமுணுத்துவிட்டு வெளியே வந்தார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

பொழுது சாயும் நேரம். கொட்டகையில் சகலை ஒரு ஹாரனைப் பிரித்துக்கொண்டிருந்தார். கதவண்ணன் விஷயத்தைச் சொன்னதும் அவர் கை நின்றது. மருந்துக்கடைக்காரர் வண்டி வந்தது நிஜம்தான், சாயங்காலத்துக்குள் வேண்டும் என்று அவசரப்படுத்தினார், அதனால் முறுக்கி விட்டேன், அடுத்த வாரம் கொண்டுவாங்க என்று சொல்லியும் அனுப்பினேன் என்றார். கொஞ்சம் பொறுத்து, சொன்னதாகத்தான் ஞாபகம் என்றார்.

கீழ்வீட்டில் அன்று நாலு பேரும் உட்கார்ந்தார்கள். அக்கா அழவில்லை. இவர் உள்ளே போனால் அடுத்த மாதம் மகளுக்குப் பேசி வைத்திருக்கிற சம்பந்தம் நிலைக்குமா என்று மட்டும் கேட்டாள். கதவண்ணனின் மனைவி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போனவர் திரும்பி வரப் போவதில்லை என்று அவள் மெதுவாகச் சொன்னபோது யாரும் மறுக்கவில்லை.

வழி சொன்னது சகலைதான். "பொய் சொல்லச் சொல்லல சகலை. ஒயர் அறுந்திருந்தது நிஜம்தானே? அந்த முடிச்சை மட்டும் வெட்டி எடுத்துடு. வயசாகி ஒயர் தானா அறுந்துடுச்சுன்னு சொல்லு. அவர் அழுத்தினார், கண்ணாடி இறங்கலன்னு அந்தம்மாவுக்கும் தெரிஞ்சுடும். ஊரு வாயும் அடங்கிடும். யாருக்கு என்ன நஷ்டம்?"

கதவண்ணன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எந்தப் பக்கம் பார்த்தாலும் ஓட்டை தெரியவில்லை.

காலையில் ஆய்வாளர் வருவதற்கு முன்பே அவர் பின்கட்டுக்குப் போய்விட்டார். முந்தின நாளே பார்த்த முகம் என்பதால் காவலர் தடுக்கவில்லை. இரண்டு வெட்டில் முடிச்சு கையோடு வந்தது. அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, ஒயரின் இரண்டு முனையையும் விரலால் பிரித்துத் தானாக அறுந்தது போல ஆக்கினார். பிறந்ததிலிருந்து அவர் செய்த நேர்மையில்லாத வேலை அது ஒன்றுதான். அதையும் பார்க்கிறவர் நம்பும்படி ஒழுங்காகவே செய்தார்.

ஆய்வாளர் வந்ததும் முறிந்த பொத்தானைக் காட்டினார். அறுந்த ஒயரைக் காட்டினார். தண்ணீர் வருவதற்கு முன்பே நாலு கண்ணாடிக்கும் மின்சாரம் போகவில்லை, பழைய ஒயர், தானாக அறுந்திருக்கிறது என்றார். ஆய்வாளர் குனிந்து பார்த்துத் தலையாட்டிவிட்டு, மதிலோரம் நின்ற அம்மாளையும் கிட்டே கூப்பிட்டு விளக்கச் சொன்னார்.

அவர் அழுத்தியிருக்கிறார் என்று கதவண்ணன் சொன்னார். பலமாக அழுத்தியிருக்கிறார், பொத்தான் முறிகிற வரைக்கும். அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அவருக்கும் நெஞ்சிலிருந்த பாரம் இறங்கினாற்போல இருந்தது. கிளம்பிவிடலாம் என்று சாமான்களை எடுத்துப் பையில் வைக்கும்போது அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"ஆனா, கண்ணாடி வேலை செய்யலன்னு போன மாசம்தானே கொண்டுபோய்ச் சரி பண்ணிட்டு வந்தேன்னு சொன்னாரு. எங்கேன்னு நான் கேட்டுக்கல. ஒயர்ல யாருமே கை வைக்கலன்னா, அப்போ அவர் சரி பண்ணவே இல்லையா? கெட்டதுன்னு தெரிஞ்சே என்கிட்ட பொய் சொல்லிட்டு அந்த வண்டியிலயே போய்ட்டு வந்துட்டு இருந்தாரா?"

கதவண்ணன் பையைக் கீழே வைத்தார்.

"அப்படின்னா பொத்தானும் எப்பவோ முறிஞ்சதுதானே? அவங்க எல்லாரும் சொல்றதுதானே நிஜம்?" என்று அவள் ஆய்வாளரைப் பார்த்துக் கேட்டாள். ஆய்வாளர் பேனாவை மூடிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

இந்தக் கேள்வியைச் சகலையும் யோசிக்கவில்லை, இவரும் யோசிக்கவில்லை. செத்தவர் வீட்டுக்கு வந்து பெண்டாட்டியிடம் ஒரு வார்த்தை சொல்லியிருப்பார் என்பது கீழ்வீட்டில் உட்கார்ந்த நாலு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

கதவண்ணன் சட்டைப்பையில் கையை விட்டு அந்த முடிச்சை எடுத்தார். "பொய் சொல்லலம்மா. சரி பண்ணத்தான் கொடுத்தார். இது எங்க கொட்டகையில போட்ட முடிச்சு. இப்படிப் போடக்கூடாது. விட்டுப் போச்சு. காலையில நான்தான் வெட்டி எடுத்தேன்."

ஆய்வாளர் அதை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பிறகு கதவண்ணனை, இதுவரை பார்க்காத ஒரு ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தார். அங்கேயே உட்காரச் சொன்னார்.

அந்த அம்மாள் திட்டவில்லை. நன்றி என்றும் சொல்லவில்லை. முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எவ்வளவு நேரம் அழுத்தியிருப்பாரு?" என்று கேட்டாள். அவள் சிறிது நேரம் காத்திருந்தாள். பிறகு போய்விட்டாள்.

வழக்கு இருவர் மேலும் வந்தது. கவனக்குறைவுக்குச் சகலை மேல், தடயத்தை எடுத்ததற்குக் கதவண்ணன் மேல். சகலை உள்ளே போனார். இவருக்குத் தண்டனை சின்னதாக முடிந்தது. அதையே அக்கா, ஆளைக் காட்டிக்கொடுத்துத் தான் தப்பித்துக்கொண்டார் என்று எடுத்துக்கொண்டாள். மகளின் சம்பந்தம் முறிந்தது. கொட்டகையை மரக்கடைக்காரர் எடுத்துக்கொண்டு பலகை அடுக்கிவிட்டார். மருந்துக்கடைக்காரரைப் பற்றி ஊர் பேசுவதை நிறுத்தியது; கதவண்ணனைப் பற்றிப் பேச ஆரம்பித்தது.

ஊர்க்கோடியில் இன்னொருவருடைய பட்டறையில் அவர் இப்போது கூலிக்குப் போகிறார். கதவு வேலை வந்தால் மற்றவர்களிடம் தள்ளிவிட்டு, பேட்டரி மட்டும் பார்க்கிறார். யாரும் அவரைக் கதவண்ணன் என்று கூப்பிடுவதில்லை. சாயங்காலம் அதே வீட்டுக்குத்தான் திரும்புகிறார். வேறு வீடு பார்க்கலாம் என்றால், அக்காவைத் தனியாக விட்டுவிட்டு வர முடியாது என்று மனைவி சொல்லிவிட்டாள். அக்கா தங்கையோடு பேசுகிறாள், அதுவும் அவர் இல்லாத நேரத்தில். மாடிப்படியில் அவர் எதிரே வந்துவிட்டால், சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அவருக்கு வழிவிடுகிறாள்.