சனம் என்கிற பெயர்

பேப்பரில் இப்போது ‘கும்பல் கொலை’ என்று எழுதுகிறார்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்துக் கூட்டித்தான் வாசித்தேன். எங்கள் வாவிக்கரையில் அப்படிச் சொல்வதில்லை. ‘சனம் அடிச்சுச் செத்தவன்’ என்போம். செத்தவனுக்கு ஒரு பெயர் இருக்கும். அடித்தவர்களுக்குச் சனம் என்பது மட்டுந்தான் பெயர்.

நாட்டில் சண்டை முடிந்த பிறகு ஊரெல்லாம் கிறீஸ் பூதத்தின் பயம். உடம்பு முழுக்கக் கிறீஸ் பூசிய ஒருவன் வந்து பெண்களைக் கீறிவிட்டு ஓடுகிறானாம், பிடித்தால் வழுக்குமாம். கண்ணால் கண்டவர் யாருமில்லை. ஆனாலும் வேலிக்கு வேலி அடிக்கப் பொல்லுத்தடி சாத்தியிருந்தது. காப்பு விற்க வந்தவளைக்கூடப் பையைக் கொட்டிக் காட்டச் சொன்னார்கள். நானும் கதவிடுக்கால் பார்த்துத்தான் திறப்பேன்.

சுனாமியில் கடல் வந்து பழைய தோணியைக் கொண்டுபோன பின் எங்களுக்குக் கிடைத்த மரத்தோணி ஒழுகத் தொடங்கியிருந்தது. தார் பூசுவதற்குக் கிரான் ஊர்ப் பக்கத்திலிருந்து ஒருவரை என் வீட்டுக்காரர் கூட்டிவந்தார். அவர் தோணியைக் கவிழ்த்துப்போட்டு ஒரு பக்கம் பூசி முடித்தார். மற்றப் பக்கம் நாளைக்கு என்று சொல்லி, பொழுதுபடும் நேரம் கைகால் கழுவ வாவிக்கு இறங்கினார். வீட்டுக்காரர் கடைக்குப் போயிருந்தார்.

கூக்குரல் கேட்டு ஓடினேன். வாவியோரத்துக் கண்ணாப் பற்றைக்குள்ளிருந்து அவரை இழுத்து வருகிறார்கள். முழங்கை வரை கறுப்பு.

“கிறீஸைப் பாருங்கடா!”

“எந்த ஊர்? சொல்லுடா!”

அவர் வாய் திறக்குமுன் முதல் அடி விழுந்தது. பொல்லோடு முன்னுக்கு நின்றவன் வீட்டுக்காரரின் தம்பி, அண்ணன் பெண்சாதி என்று என்னை மச்சி என்பவன்.

ஆம்பிளைகள் கூடிய இடத்தில் நான் பேசியதேயில்லை. “அது தார்! எங்கட தோணிக்குப் பூசினவர்!” என்றது என் குரல்தானா என்று எனக்கே தெரியவில்லை.

“மச்சி, நீங்க உள்ளுக்குப் போங்க. இவனை உங்களுக்கு எப்பிடித் தெரியும்?” என்றான் தம்பி. அவன் சந்தேகம் இப்போது என்மேலும் விழுந்தது.

“தோணியத் தொட்டுப் பாருங்க தம்பி.”

போய் உள்ளங்கையை அழுத்தி எடுத்தான். முழுக்கக் கறுப்பு. பின்னாலிருந்து ஒருவன் சிரித்தான்: “டேய், இப்ப நீதாண்டா பூதம்!” பொல்லுகள் ஒவ்வொன்றாக இறங்கின.

தார்க்காரர் வெடித்த உதட்டோடு போனார். மற்றப் பக்கம் பூச வரவேயில்லை. எந்த முகத்தோடு கூப்பிடுவது?

அடுத்த நாள் தம்பி வந்து குந்தினான். “சனம் ஒரு மனிசனைக் கொல்லப் பாத்திச்சே மச்சி! என்ன சனமோ!”

நான் தேத்தண்ணியை நீட்டினேன். மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்திருப்பான் போல, கை மணத்தது. தார் போகவில்லை.