நாற்பது நிமிஷக் கோழி

ஆயத்த ஆடை ஆலை வாசலில் இருபத்திரண்டு வருஷமாகப் பெண்களின் பைகளைச் சோதித்துவந்தவளுக்கு உள்ளே வைத்திருந்த பெயர் எக்ஸ்ரே. பட்டன் பொட்டலத்தைச் சாப்பாட்டு டப்பாவின் அடியில் வைத்து மேலே மிச்சச் சோற்றைப் பரப்பிக்கொண்டு வந்தாலும், டப்பாவைத் தூக்கியதுமே கண்டுபிடித்துவிடுவாள். கேட்காமலே காரணம் சொல்கிறவள்தான் எடுத்திருப்பாள் என்பது அவளுடைய கணக்கு. அந்தக் கணக்கு தப்பி ஒருத்தியை வாசலிலேயே அழவைத்ததும் உண்டு. அதை மட்டும் வீட்டில் சொன்னதில்லை.

வீட்டில் சோதிப்பதற்கு ஆளும் இல்லை. கணவர் லிப்ட் மெக்கானிக். வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாத மனுஷன். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் வெந்நீர் போடுவதைத் தவிர வேறெதற்கும் அடுப்பைப் பற்றவைத்ததில்லை.

அப்படிப்பட்டவர் ஒரு மாதமாகப் புதன்கிழமைதோறும் ஒன்றரை மணி நேரம் தாமதமாக வந்தார். அவள் வாயைத் திறக்கும் முன்பே, லிப்ட் நடுவில் நின்றுவிட்டது என்றார். அடுத்த புதனும் நின்றது. சட்டையில் இஞ்சி வாசனை, நல்லெண்ணெய் வாசனை. அந்தச் சட்டையை அவரே துவைத்து அவரே காயப்போட்டார். இதற்கு மேல் என்ன வேண்டும்?

இன்னும் மூன்று வாரத்தில் அவளுக்குக் கர்ப்பப்பையை எடுக்கும் ஆபரேஷன். பயப்பட ஒன்றுமில்லை, ஐந்தாம் நாள் வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்ல, சிரித்துப் பேசிவிட்டுத்தான் வந்தாள். தேதி குறித்த அதே வாரத்தில்தான் இவருடைய புதன்கிழமைகள் தொடங்கின. கூட்டிக் கழித்துப் பார்த்தாள். எவளோ ஒருத்தி, நன்றாகச் சமைக்கிறவள். தான் இன்னும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுக்கக்கூட இல்லை, அதற்குள் ஆள் பார்த்தாகிவிட்டதா? ஆனாலும் கேட்கவில்லை. கையும் களவுமாகப் பிடிக்காமல் கேட்பது அவள் வழக்கமில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் ஒரு முழுக்கோழியோடு வந்து நின்றார். இன்றைக்குத் தானே சமைக்கப்போவதாகவும், காண்டனீஸ் என்கிற சீன முறையில் கோழியும் சோறும் என்றும் சொன்னார். அவள் சமையலறை நிலையில் சாய்ந்து நின்று பார்த்தாள். உப்பு தேய்த்த கை தடுமாறவில்லை. இஞ்சியும் வெங்காயத்தாளும் கொதிக்கும் தண்ணீரில் கோழியைக் கழுத்தைப் பிடித்து மூன்று முறை முக்கி எடுத்து, நாலாவது முறை அப்படியே அமிழ்த்தினார். மறுபடி கொதி வந்ததும் மூடியைப் போட்டு அடுப்பையே அணைத்துவிட்டார். யாரோ பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்த கை அது. எவள் என்பதுதான் தெரியவில்லை.

"நாற்பது நிமிஷம். அந்தச் சூட்டுலயே வேகும். தொறக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு, வெந்த கோழியைப் போட ஐஸ் வாங்கக் கிளம்பினார்.

அணைத்த அடுப்பில் வேகும் கோழியா? மூடிய டப்பாவைப் பார்த்தால் கை சும்மா இருக்குமா அவளுக்கு? திறந்தாள். ஆவி முகத்தில் அடித்தது. உள்ளே கோழிதான் இருந்தது. ஐந்து நிமிஷம் கழித்து மறுபடி திறந்து கரண்டியால் புரட்டிப் பார்த்தாள். மூன்றாவது முறை எதற்குத் திறந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

அவர் வந்து, நேரம் பார்த்துக் கோழியை எடுத்து ஐஸ் தண்ணீரில் போட்டார். கோழிக் கொழுப்பை உருக்கி, அதில் பூண்டும் அரிசியும் வதக்கி, கோழி வெந்த தண்ணீரையே ஊற்றிச் சோறு வைத்தார். துருவிய இஞ்சி மேல் காய்ந்த எண்ணெயை ஊற்றியபோது வீடே மணத்தது. அதே புதன்கிழமை வாசனை. கடைசியில் கோழியின் தொடையை வெட்டினார். எலும்போரம் சிவப்பாக ரத்தம்.

"தொறந்தியா?"

"நான் எதுக்குத் தொறக்கப்போறேன்? கோழி பெரிசா இருந்திருக்கும். இல்லன்னா தண்ணி கொதிச்சிருக்காது" என்று படபடத்தவள், தன் குரலைத் தானே கேட்டு நிறுத்தினாள். இப்படிப் பேசிய எத்தனை பேரை வாசலில் ஓரமாக நிற்கவைத்திருக்கிறாள்! அவமானமாக இருந்தது. அவமானம் கோபமானது.

"யாரு சொல்லிக்கொடுத்தா? அதைச் சொல்லுங்க முதல்ல."

ஓட்டல் சமையல்காரர் என்றார் அவர். அங்கே புதன்கிழமைதான் லிப்ட் பார்க்கிற நாள். ஆபரேஷன் தேதி குறித்த மறுநாள், ஸ்பேனர் கையில் நிற்காமல் சமையலறைப் படியில் உட்கார்ந்துவிட்டாராம். அறுபது வயதுச் சமையல்காரர் ஒரு தட்டுச் சோறு கொடுத்து, பிறகு அடுப்புப் பக்கம் கூப்பிட்டுக்கொண்டாராம்.

அவர் பொய் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அப்பாடா என்றிருந்தது.

"சரி, எனக்கு ஆக்கிப்போடத்தானே கத்துக்கிட்டீங்க?"

அவர் கத்தியைக் கீழே வைத்தார்.

"இல்ல. நீ திரும்பி வரலைன்னா நான் தனியா என்ன செய்வேன்னு நெனச்சேன். அதுக்குத்தான்."

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் பாவி மனுஷன். வாழ்நாளெல்லாம் பொய்யைத் தேடிப் பிடித்தவளுக்கு, இந்த ஒரு பொய்யை யாராவது கொடுத்தால் போதும் என்றிருந்தது.

தொடைத் துண்டுகளை எடுத்துப் பானையில் போட்டு அடுப்பைப் பற்றவைத்தாள். பிறகு பருப்பு டப்பாவை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"கோழியையே எத்தனை நாளைக்குத் திம்பீங்க? பருப்பு வேக வைக்கக் கத்துக்குங்க."

"அதை நீ வந்து சொல்லிக்குடு."

"இப்பவே கத்துக்குங்க" என்றாள். "எனக்கும் பயமாத்தான் இருக்கு."