மிஸஸ் டாலிவருக்கு வைத்த கல்

மிஸ் வெர்டெல் சக்ஸிடம் தலையைக் கொடுத்துவிட்டு எதிர்த்துப் பேசியவர்கள் எங்கள் ஓக்டேலில் கிடையாது. முடி நீவும் சூட்டுச் சீப்பு காதோரம் வந்து நிற்கும்போது யாருக்குத் துணிச்சல் வரும்? முடி அலங்காரக் கடை வைத்திருப்பவர், ஊரில் பாதிப் பெண்களின் தலை அவர் கையில். தேவாலயப் பாடகர் குழுவில் நான் அவருக்குப் பின்வரிசை. என் அடிக்குரல் கொஞ்சம் பிசகினாலும் திரும்பாமலே தலையை ஆட்டுவார். அந்த ஆட்டலுக்குப் பயந்தே நான் ஒழுங்காகப் பாடக் கற்றுக்கொண்டேன்.

மேயர் மார்செல் ஹைட்டவர் எங்கள் ஊர்ப் பிள்ளைதான். அவனுக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. கெட்ட எண்ணம் இல்லாதவர்கள் செய்துவைக்கும் காரியத்தைச் சரிசெய்வதுதான் பெரும்பாடு. கோர்ட்டுக்கு எதிரே பூங்கா போட்டு, மிஸஸ் டாலிவருக்கு நினைவுக்கல் வைத்தான். திறப்பு விழாவுக்கு முந்தைய வாரம் அந்தப் பக்கம் போன மிஸ் வெர்டெல், மூடியிருந்த துணியைத் தூக்கிப் பார்த்தார். பார்க்கக் கூடாதுதான். ஆனால் பார்த்தார். கல்லில் பெரிதாக ஒரே சொல்: லவீனியா.

மிஸஸ் லவீனியா டாலிவர் எங்கள் கறுப்பின ஆட்களை வாக்காளர்களாகப் பதியவைத்தவர். அதற்காக அவரை அதே கோர்ட்டுக்கு இழுத்தார்கள். அங்கே வெள்ளைக்காரப் பெண்கள் எல்லாரும் மிஸஸ், எங்கள் பெண்களுக்கு வெறும் பேர். நீதிபதி “லவீனியா” என்றார். பதில் இல்லை. “லவீனியா!” என்று கத்தினார். யாரையோ கூப்பிடுகிறார்கள் போலிருக்கிறது என்று மிஸஸ் டாலிவர் பின்னால் திரும்பிப் பார்த்தாராம். அப்படிப் பார்த்ததற்கே சிறை. வெளியே வந்தபிறகு, அவரைப் பிடிக்காதவர்கள்கூட மிஸஸ் போடாமல் அவர் பேரைச் சொன்னதில்லை.

மிஸ் வெர்டெலுக்கு இது சொந்த விஷயமும்கூட. அவர் அம்மா ஒரு பெரிய வீட்டில் சமையல் வேலை பார்த்தவர். அந்த வீட்டுக் குழந்தைகூட அவரை “பேர்லி” என்றுதான் கூப்பிடும். ஒருநாள் வாசலில் வந்து நின்று “மிஸஸ் சக்ஸ் இருக்காங்களா?” என்று கேட்டார் மிஸஸ் டாலிவர். யாரைக் கேட்கிறார் என்று அம்மாவுக்கே புரியவில்லை. புரிந்ததும் மாவுக் கையோடு உட்கார்ந்து அழுதுவிட்டார். அதைப் பார்த்துக்கொண்டு நின்ற மகளால் அந்தக் கல்லை எப்படி விட முடியும்?

நேரே மேயர் அலுவலகத்துக்குப் போனார். அறை நிறைய ஆட்கள்.

“டேய் மார்செல், எப்படிடா இருக்க?”

மேயர் அறையில் இருந்தவர்களை ஒரு பார்வை பார்த்தான். “மிஸ் வெர்டெல், ஆபீஸ்ல மட்டும் மேயர்னு கூப்பிடுங்களேன்.”

“ஏம்பா, நெருக்கமா இருக்கட்டுமேன்னு பாத்தேன்.”

“கல்லைச் சொல்றீங்களா? டிசைன் பண்ணவங்கதான் முதல் பேரு போட்டா ஜனங்களுக்கு நெருக்கமா இருக்கும்னாங்க.”

“அந்த ஜட்ஜும் ரொம்ப நெருக்கமாத்தான் கூப்பிட்டாரு.”

“வெட்டியாச்சு மிஸ் வெர்டெல். பேருக்கு முன்னாடி எடமும் இல்ல. இனிமே ஒண்ணும் பண்ண முடியாது.”

“சரிங்க மேயர்” என்று எழுந்து வந்துவிட்டார். அவர் சும்மா போய்விட்டார் என்று நம்பினான் பாருங்கள், அங்கேதான் ஏமாந்தான்.

அந்த வாரம் முழுக்கக் கடையில் நல்ல கூட்டம். உள்ளே போன பெண்கள் எல்லாரும் பளபளவென்று, வாயை இறுக்கிச் சிரித்தபடி வெளியே வந்தார்கள். என் மனைவி ஐடெல்லாவிடம் கேட்டேன். “உனக்கெதுக்கு? நாங்க கேக்கறப்ப நீயும் கேளு, போதும்” என்றாள்.

எங்கள் தேவாலயத்தில் போதகர் ஒரு வரி சொன்னால் சபை பதில் சொல்லாமல் இருக்காது. அந்தப் பழக்கம் எங்கே போனாலும் கூடவே வரும். விழாவில் மேயர் துணியை இழுத்தான், மைக்கைப் பிடித்தான்.

“லவீனியா நமக்காக நடந்தாங்க!”

“யாரு?” என்றது சபை.

மைக்கில் கோளாறு என்று நினைத்துத் தட்டிப் பார்த்தான். “லவீனியா நமக்காக ஜெயிலுக்குப் போனாங்க!”

“யாருப்பா அது?”

நானும் அடிக்குரலில் ஒரு “யாரு” போட்டேன். மிஸ் வெர்டெல் திரும்பவே இல்லை, ஆனால் தலையும் ஆடவில்லை. முன்வரிசையில் இருந்த மேயரின் அம்மா கையைத் தூக்கினார். “எனக்கு அப்படி ஒருத்தரையும் தெரியாதே மார்செல்! எந்த ஊர்க்காரங்க?”

அதற்குப் பிறகுதான் அவனுக்கு உறைத்தது. கல்லைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான், தொப்பியைக் கழற்றினான்.

“மிஸஸ் லவீனியா டாலிவர்” என்றான்.

“ஆமென்!” கோர்ட்டின் கண்ணாடி ஜன்னல்களே அதிர்ந்தன.

மறுவாரம் கல்தச்சர் வந்தார். இடம்தான் இல்லையே. ‘மிஸஸ்’ஸை இடது ஓரத்தில் நெருக்கி, கொஞ்சம் மேலே தூக்கி, ‘டாலிவர்’ஐக் கீழே செருகி வெட்டினார். பார்க்கவே கோணலாக இருந்தது. மேயருக்கு வெட்கமாகிவிட்டது. மிஸ் வெர்டெலின் கடைக்கே வந்து நின்றான்.

“அசிங்கமா இருக்கு மிஸ் வெர்டெல். புதுக் கல்லே வெச்சு, எல்லாத்தையும் ஒரே வரிசையில அழகா வெட்டித் தரச் சொல்றேன்.”

மிஸ் வெர்டெல் சீப்பைக் கீழே வைத்தார்.

“வேணாங்க மேயர். அது அப்படியே இருக்கட்டும். அழகா வெட்டினா, ‘மிஸஸ்’ஸைக் கேக்காமலே குடுத்தாங்கன்னு பாக்கறவங்க நெனச்சுக்குவாங்க.”