சலீம் பாய் மாற்றச் சொல்லாத சென்சார்

சலீம் பாய் இறந்துவிட்டார். நேற்று காலை, நெஞ்சுவலி... ஆஸ்பத்திரிக்குக்கூடப் போய்ச் சேரவில்லையாம்.

போளூரில் நான் சர்வீஸ் டெஸ்க்கில் இருக்கிற ஷெட்டில் அவர் மெக்கானிக்காக இருந்தார். நாலு வருஷம் ஒன்றாக வேலை பார்த்தோம்.

இன்றைக்கு ஷெட்டில் யாரோ காருக்கு அடியில் படுத்திருந்தார்கள். கால் மட்டும் தெரிந்தது. அவரில்லை என்று தெரிந்தும் குனிந்து பார்த்தேன்.

அவர் இங்கே இருந்தபோது ஒரு நாள், மலைமேல் ஜமுனாமரத்தூரிலிருந்து புளி வியாபாரி ஒருவரின் கார் வந்தது. செக் இன்ஜின் லைட் அணையவே இல்லை.

ஸ்கேனரில் ஆக்சிஜன் சென்சார் ஹீட்டர் என்று வந்தது. புகைக்குழாயில் இருக்கும் சென்சாரை வண்டி ஸ்டார்ட் ஆனதும் சூடாக்குகிற சின்ன ஹீட்டர் அது.

பாய் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு வந்தார்.

"சென்சார் நல்லாதான் கீதுக்கா. ஹீட்டருக்கு கரண்ட் போகல. வயர்ல இன்னாவோ கீது, ஒரு நாள் குடுங்க, தேடிடறேன்."

வியாபாரி அன்றைக்கே மலையேறணும் என்று என் உயிரை வாங்கிக்கொண்டிருந்தார். புது சென்சார் அலமாரியிலேயே இருந்தது.

வண்டியோடு கொடுத்தனுப்பும் ஜாப் கார்டில் எழுதினேன்: மெக்கானிக் பார்த்தார், சென்சார் மாற்ற வேண்டும்.

பாய் அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். "மாட்டி அனுப்புங்க பாய், அப்புறம் பார்த்துக்கலாம்" என்றேன். மாட்டினார். ஸ்கேனரில் லைட்டை அணைத்து அனுப்பினோம்.

மறுநாள் காலையில் ஆறிய வண்டியை ஸ்டார்ட் செய்ததும் லைட் திரும்ப வந்துவிட்டது. ஓனர் எங்கள் இரண்டு பேரையும் மலைக்கு அனுப்பினார்.

வியாபாரி வீட்டு வாசலில் பத்துப் பேர். வியாபாரி கையில் அந்த ஜாப் கார்டு.

"இன்னா பாய், பார்க்காமயே மாத்த சொன்னியா? தொழில் தெரியுமா, தெரியாதா?"

பாய் என் பக்கம் திரும்பினார். ஒரு விநாடி இருக்கும்... என் வாய் ஊருக்கே தெரியும். அன்றைக்கு அது திறக்கவே இல்லை.

"தப்பு என்னுதுதாங்க. வயர பார்த்துட்றேன்" என்று சொல்லிவிட்டு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார்.

கால் மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டார். கிளிப் உடைந்து, ஹீட்டர் வயர் தொங்கி, புகைக்குழாயில் பட்டுக் கருகி அறுந்திருந்தது. புது வயர் துண்டு இணைத்து, குழாயில் படாமல் தள்ளிக் கட்டினார்.

இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு ஸ்டார்ட் செய்தால்தான் நம்பலாம் என்றார். மூன்று மணி நேரம் அங்கேயே ஒரு பலா மரத்தடியில் உட்கார்ந்திருந்தோம்.

அவர் பெண்ணின் படிப்பு, என் மாமியார், போளூர் வெயில்... எல்லாம் பேசினேன். அதை மட்டும் பேசவில்லை. அவரும் கேட்கவில்லை.

ஸ்டார்ட் செய்தோம். லைட் வரவில்லை.

அப்புறம் அவர் சந்தவாசலில் சொந்தமாகக் கடை போட்டார். வாரம் ஒரு தடவை பஸ்ஸில் அதைத் தாண்டித்தான் போவேன். அடுத்த வாரம் இறங்கிச் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு வாரமும் நினைப்பேன்.

நேற்று இறங்கினேன்.

அவர் மனைவி என்னை அடையாளம் கண்டுகொண்டார். கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"உங்கள பத்தி சொல்வாருங்க... 'ஒரு தபா மலையில சென்சார தப்பா மாத்தி மாட்டிக்கினேன், அந்த அக்கா கூட இருந்ததால மானம் போகாம வந்தேன்'னு."

வீடு நிறையப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் அவர் பெண். நான் தலையை ஆட்டினேன்... ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். நேற்றும் வாய் திறக்கவில்லை.

ராத்திரியிலிருந்து கண்ணை மூடினால் அவர் என் பக்கம் திரும்புகிறார்.

அவர் பெண் என் ஃப்ரெண்ட் லிஸ்ட்டில் இருக்கிறாள். அவளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அம்மாவிடம் படித்துக் காட்டும்மா. சென்சார் நன்றாக இருக்கிறது என்று உன் அப்பா முதலிலேயே சொன்னார். மாற்றச் சொல்லி எழுதியது நான்.

போய் வாங்க, பாய்...